கம்பைலருக்கு எதற்கு இத்தனை துணை சாஃப்ட்வேர்கள்?

லினக்ஸில் ஒரு சாஃப்ட்வேரை நிறுவும்போது, கூடவே நிறுவப்படும் துணைத் தொகுப்புகளின் பட்டியல் திரையில் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இயங்கத் தேவையானவை அவை. உங்கள் கண்ணில் படாத இன்னொரு பட்டியலும் உண்டு. சாஃப்ட்வேரை உருவாக்கும்போது மட்டும் தேவைப்படுபவை அதில் இருக்கும். இவற்றை பில்ட் டிபென்டன்சி என்பார்கள். ஹோட்டலில் சாப்பிடுபவருக்கு இலை போதும். சமையல் கூடத்துக்கு அடுப்பு, அண்டா, கிரைண்டர் எல்லாம் வேண்டும் அல்லவா, அதுபோலத்தான்.

லினக்ஸ் தொகுப்புகளைத் தயாரிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான். புரோகிராம் வரிகளைக் கம்ப்யூட்டருக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்கு இது நீண்டால் சிக்கல்.

டெபியன் லினக்ஸில் உள்ள ஜி.சி.சி. கம்பைலரை எடுத்துக் கொள்வோம். இதை உருவாக்க ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி. ஆகிய மூன்று கணித லைப்ரரிகள் கட்டாயம். சோதித்துப் பார்க்க டெஜாக்னு வேண்டும். சி++ லைப்ரரியின் உதவிப் பக்கங்களைத் தயாரிக்க டாக்ஸிஜன், கிராஃப்விஸ், லேடெக் போன்றவை வேண்டும். சோதனையும் உதவிப் பக்கங்களும் இல்லாவிட்டாலும் கம்பைலர் உருவாகிவிடும்.

எல்லாவற்றையும் கட்டாயம் என்று எழுதிவிட்டால்? டாக்ஸிஜன் சி++ மொழியில் எழுதப்பட்டது. அதை உருவாக்க கம்பைலர் வேண்டும். கம்பைலரை உருவாக்க டாக்ஸிஜன் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்!

புதிய வகை பிராசஸருக்கு லினக்ஸைக் கொண்டு செல்பவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். அவர்களிடம் தயார் நிலையில் எந்தத் தொகுப்பும் இருக்காது. முதல் கம்பைலரை வேறு வகைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி எடுத்து வருவார்கள். பட்டியல் நீள நீள அந்த வேலையும் நீளும். ரிஸ்க்-ஃபைவ் பிராசஸர்களுக்கான அதிகாரபூர்வ டெபியன் முதன்முதலில் வெளியானது 2025 ஆகஸ்டில், டெபியன் 13 பதிப்பில்தான்.

இதற்குத் தீர்வு, பட்டியலைப் பிரிப்பது. உதவிப் பக்கங்கள் எல்லா பிராசஸர்களுக்கும் பொதுவானவை. ஒரு கம்ப்யூட்டரில் ஒருமுறை தயாரித்தால் போதும். எனவே அவற்றுக்கானவற்றை டெபியன் தனிப் பகுதியில் வைக்கிறது. 'நோடாக்', 'நோசெக்' என்னும் அமைப்புகளின் மூலம் உதவிப் பக்கங்களையும் சோதனைகளையும் ஒதுக்கிவிட்டும் உருவாக்கலாம்.

நீங்கள் சி மொழி கற்க ஜி.சி.சி.யை 'ஆப்ட் இன்ஸ்டால்' மூலம் நிறுவினால் போதும். டாக்ஸிஜனோ லேடெக்கோ உங்கள் டிஸ்கிற்கு வராது. 'ஆப்ட் பில்ட்-டெப்' கட்டளையைக் கொடுத்தால் சமையல் கூடமே வீட்டுக்கு வந்துவிடும். கம்பைலரை நீங்களே உருவாக்கப் போவதில்லை என்றால் அந்தக் கட்டளை உங்களுக்கு வேண்டாம்.