விரிசல் கட்டிய குகை

மணலி புதுநகரில் எங்கே போர் போட்டாலும் முதலில் மணல், அப்புறம் களிமண், திரும்பவும் மணல். கொசஸ்தலை ஆறும் கடலும் மாறி மாறிக் கொட்டிவிட்டுப் போன வண்டல் நிலம் இது. பாறை என்றால் எங்களுக்கு வீட்டுக் கூரை கான்கிரீட்டுக்குள் கிடக்கும் ஜல்லிதான். அந்த ஜல்லியின் தாய்ப்பாறைக்குள்ளேயே நுழைந்து பார்க்க ஓர் இடம் இருக்கிறது: சைதாப்பேட்டையை ஒட்டிய சின்னமலை. சென்னை மெட்ரோ 2021இல் எங்கள் பக்கம் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து, அங்கே ஏறினால் வண்டி மாறாமல் சின்னமலையிலேயே இறங்கலாம்.

இயேசுவின் சீடர் தோமையார் இந்தப் பாறை இடுக்கில் ஒளிந்திருந்து ஜெபித்தார், துரத்தி வந்தவர்களுக்குத் தப்பி ஒரு துளை வழியாக வெளியேறிப் பரங்கிமலைக்குப் போனார், கி.பி. 72இல் அங்கே வேதசாட்சியானார் என்பது மரபு. குகையை ஒட்டி ஆரோக்கிய மாதா கோயிலைப் போர்த்துகீசியர் 1551இல் கட்டினார்கள். உள்ளே போக நன்றாகக் குனிய வேண்டும். ஒரு சிலர் நின்றாலே இடம் நிறைந்துவிடும். அந்தத் துளை வழியாக வெளிச்சம் சாய்ந்து விழுகிறது. வருகிறவர்கள் பாறையைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள்.

அவர்கள் தொடுகிற கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

ஆந்திராவின் பொர்ரா குகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது சுண்ணாம்புக்கல். மழைநீரே மெல்ல மெல்ல அதைக் கரைத்துக் குடைந்துவிடும். சின்னமலைப் பாறையிடம் அந்த வேலை நடக்காது. இது சார்னோக்கைட். பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் வெந்து உருவான பாறை. அந்த ஆழத்தில் ஒரு விரல் நகத்தளவு இடத்தில் 5 டன்னுக்கு மேல் எடை அழுத்தும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் கிடந்த சென்னைப் பக்கத்துக் கல்லை வைத்து, புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இதற்குப் பெயர் சூட்டினார். பல்லாவரம், திரிசூலம் குவாரிகளில் உடைத்ததும் இதே கல்தான்.

இவ்வளவு கெட்டியான பாறைக்குள் இடுக்கு எப்படி வந்தது? மேலே இருந்த 20 கிலோமீட்டர் கனத்தையும் மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கொண்டுபோயின. பாரம் குறையக் குறைய, ஆள் எழுந்துபோன இலவம்பஞ்சு மெத்தை போலப் பாறை மெல்ல உப்பியது. பஞ்சு வளையும், பாறை வளையாது, வெடிக்கும். மேற்பரப்புக்கு இணையாக அடுக்கடுக்காகப் பிளக்கும் இந்த வெடிப்புகளுக்குத் தகட்டு விரிசல் என்று பெயர். செங்குத்தான விரிசல்கள் அவற்றைக் குறுக்கே வெட்டினால் பாறை பாளம் பாளமாகப் பிரியும். விரிசலில் நீர் இறங்கும், வேர் இறங்கும், ஓரங்கள் மக்கும். ஒரு பாளம் நழுவி விழ, அதற்கு மேலுள்ள பாளம் அசையாமல் நின்றால், இடையில் ஒரு குகை. இத்தகைய பாறைகளில் குகை பிறப்பது பெரும்பாலும் இப்படித்தான். படியும் பீடமும் மட்டும் மனிதக் கை.

கிரேக்கத்தின் பாட்மோஸ் தீவிலும் ஒரு குகை உண்டு. யோவான் திருவெளிப்பாட்டின் காட்சிகளைக் கண்டதாக நம்பப்படும் அந்தக் குகையில் பாறை மூன்றாகப் பிளந்திருக்கிறது. பக்தர்கள் அதைத் திரித்துவத்தின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். அது எரிமலைத் தீவு. நம் பாறையோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த கல். அங்கேயும் வேலை செய்தது விரிசல்தான்.

சின்னமலையில் என்னை அதிகம் வியக்க வைப்பது சுனை. தோமையார் தடியால் பாறையைத் தட்ட நீர் வந்தது என்பார்கள். எங்கள் ஊர் மணலில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 300 லிட்டர் நீர் தங்கும். விரிசல் இல்லாத சார்னோக்கைட்டில் 10 லிட்டர்கூடத் தங்காது. ஆக, இந்தக் கல்லில் ஊறும் நீர் முழுக்க விரிசல்களின் கையிருப்பு. அதில் ஒரு நுட்பமான கணக்கு உண்டு: விரிசலின் அகலம் பாதியானால் அதில் ஓடும் நீர் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். மயிரிழை விரிசல்கள் மழைநீரை ஒரேயடியாக விட்டுவிடாமல் கஞ்சத்தனமாகக் கசியவிடுவது இதனால்தான். தாராளமாக நீர் தரும் மணல், உறிஞ்சினால் கடலையும் அதே தாராளத்தோடு உள்ளே விடும்; மீஞ்சூர் பக்கத்துக் கிணறுகள் உப்பாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

ஈஸ்டருக்குப் பிறகு, சரியான வெயில் காலத்தில் இங்கே திருவிழா நடக்கிறது. அந்த வெயிலைக் கல் கையாளும் விதமும் அழகு. பகலில் ஏறி இரவில் இறங்கும் சூட்டின் அலை, பாறைக்குள் சுமார் 16 சென்டிமீட்டர் போவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அரை மீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதுவும் போய்ச் சேர 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நண்பகல் சூடு அந்த ஆழத்தைத் தொடும்போது வெளியே நடு இரவு நெருங்கியிருக்கும். ஆண்டு முழுவதற்குமான வெப்ப அலைக்கும் இதே கணக்குதான்: மே மாதத்துக் கத்திரி வெயில் பாறைக்குள் 3 மீட்டர் இறங்க ஜூலை ஆகிவிடும்.