பஞ்சுக்குள் குடியிருப்பவர்கள்

கொலன்னாவையில் எங்கள் மேல்மாடி வீட்டில் ஒரு கடல்மீன் தொட்டி இருக்கிறது. இருநூறு லீற்றர் உப்புநீர், செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கோமாளி மீன்கள், கல்லிடுக்கில் ஒளிந்து விளையாடும் ஒரு குட்டி நீல மீன். சில மாதங்களுக்கு முன் அதன் வடிகட்டி கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியது. அப்பா புதிது ஒன்று வாங்கிவந்தார். தரம் 7இல் படிக்கும் மருமகன் என்னிடம் ஓடிவந்தான்.

“மாமா, பழசைக் கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசைப் பூட்டினாச் சரிதானே? அஞ்சு நிமிச வேலை!”

“நில்லு தம்பி, பழசைத் தொடாதே!” என்று நான் போட்ட சத்தத்தில் அவன் பயந்தேபோனான். ஏன் அப்படிச் சத்தம் போட்டேன் என்று உங்களுக்கும் சொல்கிறேன்.

பழைய வடிகட்டியைத் திறந்தால் உள்ளே பஞ்சு இருக்கும். பழுப்பு நிறம், தொட்டால் வழவழப்பு. பார்த்ததும் குழாயடியில் பிடித்து வெள்ளையாகும்வரை அலசத் தோன்றும். ஆனால் அந்த வழவழப்புக்குள்ளே கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. தொட்டி மீன்களின் உயிர் அவற்றின் கையில்.

மீன் தின்ற உணவின் கழிவு அமோனியாவாக வெளியேறும். பெரும்பகுதி செவுள் வழியாகவே கசிந்துவிடும். பெருங்கடலில் அது கரைந்து மறைந்துவிடும். கண்ணாடித் தொட்டியில் எங்கே போவது? அங்கேயே சேர்ந்து மீனின் செவுளை அரிக்கும். கடல்நீரில் இந்த ஆபத்து இன்னும் கூட. நன்னீரைவிடக் கடல்நீரின் காரத்தன்மை அதிகம். காரம் கூடக்கூட அமோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கும் கூடும். நடுநிலையான நீரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பத்து மடங்கு!

இங்கேதான் பஞ்சுவாசிகள் வருகிறார்கள். ஒரு கூட்டம் அமோனியாவை ஒட்சிசனோடு சேர்த்து நைத்திரைற்று ஆக்கும். இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்று ஆக்கும். நைத்திரேற்று அவ்வளவு கொடியதில்லை. இடையிடையே கொஞ்சம் நீரை மாற்றினால் குறைந்துவிடும். மண்ணிலே நடக்கும் இந்த வேலையைச் செய்பவை பற்றீரியாக்களே என்று, அவற்றைத் தனியே பிரித்தெடுத்து 1890இல் காட்டியவர் சேர்ஜி வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. சீனியும் வேண்டாம், மாவும் வேண்டாம். அமோனியாவிலிருந்தே சக்தி எடுத்து வாழும் உயிர்கள் அவை. எனக்கு இன்றைக்கும் அது அதிசயம்தான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சதுப்பு நிலத்தின் சேற்றிலும் புல்வேர்களிலும் இவற்றின் சொந்தக்காரர்கள் இதே வேலையைச் செய்கிறார்கள். இத்தகைய சதுப்பு நிலங்களுக்காகத்தான் 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற மதிப்புக் கிடைத்தது.

சரி, வடிகட்டிக்கு வருவோம். இந்தப் பற்றீரியாக்கள் நல்ல வேலைக்காரர்கள், ஆனால் மெதுவாகப் பெருகுபவர்கள். நம் குடலில் வாழும் சில பற்றீரியாக்கள் நல்ல சூழலில் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். இவற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அதனால் வெறும் வடிகட்டியில் போதிய குடிகள் சேர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பழையதை எறிந்துவிட்டு அன்றே புதியதைப் பூட்டினால் அத்தனை வாரமும் மீன்களின் அமோனியாவை யார் தின்பது?

ஆகவே நாங்கள் பழையதையும் புதியதையும் ஒரே தொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டோம். புதியதன் தூசியை வெறும் தண்ணீரில் கழுவினோம். சவர்க்காரம் தொடவே இல்லை. பழைய பஞ்சில் பாதியை வெட்டிப் புதியதற்குள் வைத்தோம். அதற்குமுன், அடைந்திருந்த அழுக்குப் போகத் தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீர் எடுத்து அதில் மெதுவாகப் பிழிந்தோம். குழாய்நீர் ஆகாது. களனி கங்கை நீரை அம்பத்தலையில் சுத்திகரித்துக் கிருமி சாகக் குளோரீன் கலந்தே அனுப்புகிறார்கள். நமக்கு அது பாதுகாப்பு, பஞ்சுவாசிகளுக்கு மரணம். போதாததற்கு அதில் உப்பும் இல்லை. கடல்நீருக்குப் பழகிய உயிர் அதில் தாங்காது.

மின்சார வேலை முழுவதும் அப்பாவுடையது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட். தண்ணீருக்குள் கைவைக்குமுன் ஒவ்வொரு பிளக்கையும் கழற்றினார். வயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலேறும்படி விட்டார். வயரில் வழியும் நீர் அந்த வளைவிலிருந்து தரையில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. பிள்ளைகளே, இதை நீங்கள் தனியாகச் செய்யக் கூடாது.

முதல் வாரம் மீன்களுக்கு உணவைப் பாதியாக்கினோம். அமோனியா ஏறினால் உடனே நீர் மாற்ற ஒரு வாளியில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்புக் கலவை கரைத்துத் தயாராக வைத்தோம். சமையல் உப்பு உதவாது. கடலில் உள்ள மக்னீசியமும் கல்சியமும் அதில் போதியளவு இல்லை.

“கரண்ட் போனால் என்ன நடக்கும் மாமா?” என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கலாம். நீரோட்டம் நின்றால் மூடிய வடிகட்டிக்குள் இருக்கும் ஒட்சிசனைப் பற்றீரியாக்கள் சில மணிநேரத்தில் தீர்த்துவிடும்; பிறகு அவையே சாகத் தொடங்கும். கொழும்பு வெக்கையில் இது இன்னும் வேகம், ஏனெனில் சூடான நீரில் கரையும் ஒட்சிசன் குறைவு. நெடுநேரம் நின்ற வடிகட்டிக்குள் இருக்கும் நாற்ற நீரைக் கொட்டிய பிறகே மறுபடி ஓடவிட வேண்டும். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருந்தால் மீன்கள் மூச்சுவிடும்.

ஒவ்வொரு மாலையும் தம்பி ஒரு சிறு குழாயில் தொட்டிநீர் எடுத்து அமோனியா சோதிக்கும் துளிகளை விட்டுப் பார்ப்பான். மஞ்சளாகவே நின்றால் அமோனியா இல்லை; பச்சை தெரிந்தால் ஆபத்து. நான்காம் நாள் இலேசாகப் பச்சை தட்டியது. தொட்டிநீரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, தயாராக வைத்திருந்த உப்புநீரை ஊற்றினோம். மறுநாள் மஞ்சள். ஐந்து வாரம் கழித்துத்தான் பழைய வடிகட்டியை நிறுத்தி, மிச்சமிருந்த பாதிப் பஞ்சையும் புதியதற்குள் வைத்தோம். அதற்குப் பிறகும் பத்து நாள் தம்பி விடாமல் சோதித்தான். குழாய் ஒருநாளும் பச்சையாகவில்லை.