கற்பிக்குஞ் செவிலியர்

முன்னர் நர்ஸ் என்றும் தாதி என்றும் வழங்கப்பட்டோர்க்கு இக்காலத்தில் ‘செவிலியர்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அகப்பொருளிற் காணப்படுஞ் செவிலி குழந்தையை வளர்த்தமையோடு அமைபவள் அல்லள். நல்லனவற்றை எடுத்துரைத்தலும் தீயனவற்றை விலக்குதலும் அவட்கு உரியன என்பது தொல்காப்பியர் கருத்து. ஆகவே, ஓம்புதலும் கற்பித்தலும் அப்பெயரினுள்ளேயே அடங்கிக் கிடத்தலை யாம் காண்கின்றோம்.

ஆயின், புண் கட்டவும் ஊசி போடவும் வல்லார் அனைவரும் பிறர்க்குக் கற்பிக்கவும் வல்லரோ? வராகநதி பாயும் எம் ஜெயமங்கலம் போன்ற ஊர்களை நினைப்போமாக. வயிற்றுப்போக்குற்ற குழந்தையின் தாய்க்கு, “ஒரு லிட்டர் நீரில் ஒரு பொட்டலம் உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுங்கள்” என்று சொல்லிவிடுதல் எளிது. அவளும் தலையசைப்பாள். தலையசைப்பு விளக்கத்திற்கு அடையாளமன்று என்பதைக் கல்லூரி மாணவர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை! வீட்டிலுள்ளதோ செம்பும் டம்ளரும். ஒரு டம்ளர் நீரிலேயே முழுப் பொட்டலத்தையுங் கொட்டுவாளாயின், உப்பு மிகுந்து அக்குழந்தைக்குப் பெருந் தீங்கு நேரும். கற்பிக்கத் தெரிந்த செவிலியோ, அவள் வீட்டுப் பாத்திரத்தையே வாங்கி, அதில் ஒரு லிட்டர் நீர் எதுவரை நிற்கும் எனக் காட்டி, அவள் கையாலேயே கரைக்கச் செய்து, கரைத்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருத்தலாகாது என்பதை அவள் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்பாள்.

இத்திறன் தானே வருவதன்று, பயிற்றப்பட வேண்டுவது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கும் தில்லியிலும் 1946-இல் பட்டக்கல்வி தோன்றியது. செவிலியருக்குச் செவிலியரே ஆசிரியராகும் வழி நம் நாட்டிலேயே அதனால் அகன்றது. எம் வட்டாரத்திற்கு அணித்தேயுள்ள காந்திகிராமத்தை 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையார் தம் கணவர் ராமச்சந்திரனாருடன் நிறுவினார். அங்கே 1964-இல் எழுந்த கிராம சுகாதார நிறுவனம், சுகாதாரப் பணியாளரைப் பயிற்றும் ஆசிரியர்க்கும் பயிற்சி தருவது.

ஆசிரியப் பயிற்சி பெறுஞ் செவிலி, உடன் பயில்வோர் முன் ஐந்து அல்லது பத்து நிமிடம் ஒரு சிறு பாடம் நடத்துவாள். அவர்கள் குறைகளை எடுத்துரைப்பர். அதனையே திருத்தி மீண்டும் நடத்துவாள். நோயாளியின் கட்டிலருகே மாணவியைப் பயிற்றுங்கால், அவள் கை தடுமாறினும், நோயாளிக்கு இடர் நேராதவரை, தான் பிடுங்கிச் செய்யாது பொறுத்து நிற்றல் வேண்டும். இதுவே அரிதினும் அரிது என்பது எம் எண்ணம். பாடஞ் சொல்வோன் விரைவும் வெகுளியும் இன்றிக் கேட்போனது திறமறிந்து, காலமும் இடமும் நோக்கிச் சொல்ல வேண்டும் எனப் பவணந்தியார் வகுத்த நெறி, நன்னூலைக் கண்டிராத செவிலியர்க்கும் பொருந்துகின்றது.

காலமும் இடமும் என்றோம். கம்பம் பள்ளத்தாக்குப் பெண்கள் பலர் விடியுமுன்னரே ஜீப்பேறி, மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குச் சென்றுவிடுவர். நண்பகலில் வீடுதோறுஞ் செல்லுஞ் செவிலி யாருக்குக் கற்பிப்பது? சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசாங்க அளவு. அத்துணைப் பேரையும் ஒருத்தி தனித்தனியே கண்டு கற்பித்தல் இயலாது; ஆதலின், தெருவிற்கு ஒரு மூதாட்டியையேனும் தேர்ந்து முதலில் அவட்குக் கற்பித்தல் தகும்.

மொழியும் இங்குக் கருதற்பாலது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் பெயர்த்தார். இன்றும் எம் செவிலியர் ஆங்கில நூல்களையே பெரிதும் பயில்கின்றனர். ‘நீரிழப்பு’ என்றால் தாய்க்கு விளங்காது, “உச்சிக்குழி அமுங்கியிருக்கிறதா, கண் குழி விழுந்திருக்கிறதா?” என்று கேட்டால், உடனே குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்து விடை சொல்வாள்.