பத்தும் பத்தும் இருபது அல்ல... பத்தொன்பது! - ஓட்டப்பந்தயக் கணக்கும் ரயில்வே வேலையும்

100 மீட்டர் ஓட்டப்பந்தயம். ராமு எல்லைக்கோட்டைத் தொடும்போது சோமு 10 மீட்டர் பின்னால் இருக்கிறார். இன்னொரு 100 மீட்டர் பந்தயத்தில் சோமு கோட்டைத் தொடும்போது பாபு 10 மீட்டர் பின்னால். ராமுவும் பாபுவும் மோதினால், பாபு எத்தனை மீட்டரில் தோற்பார்?

'இதென்ன பெரிய விஷயம், இருபது' என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் 20-ம் பெரும்பாலும் இருக்கும். ஆனால், சரியான விடை 19. அந்த ஒரு மீட்டரில்தான் மதிப்பெண் நழுவிப்போகிறது.

சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரியும் ஜங்ஷன் விழுப்புரம். சென்னைப் பாதையில் அதற்கு முந்தைய பெரிய ஊர் திண்டிவனம். ரயில் சத்தம் கேட்டே வளரும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ரயில்வே வேலை என்பது கண்ணெதிரே ஓடும் கனவு. அந்தக் கனவின் நுழைவாயிலான குரூப் டி கணினித் தேர்வில் 90 நிமிடங்களில் 100 கேள்விகள். அதாவது, ஒரு கேள்விக்கு 54 விநாடிகள். இதில் 25 கேள்விகள் கணிதம். 'காலமும் தூரமும்' என்ற பாடத்தின் ஒரு கிளைதான் இந்தப் பந்தயக் கணக்குகள். ஒரு தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணைக் கழித்துவிடுவார்கள். மூன்று தவறு செய்தால், சரியாகப் போட்ட ஒரு கேள்வியின் மதிப்பெண்ணும் காலி. தமிழிலேயே தேர்வு எழுதலாம் என்பது ஆறுதல்.

ஒரே சாவி

இந்தக் கணக்குகள் எத்தனை வேடம் போட்டு வந்தாலும் திறக்கும் சாவி ஒன்றுதான். 'ஒருவர் ஓடி முடித்த அதே நேரத்தில் மற்றவர் எவ்வளவு தூரம் ஓடினார்?' இதைக் கேட்டுவிட்டால் போதும்.

ராமு 100 ஓடும் நேரத்தில் சோமு 90. சோமு 100 ஓடும் நேரத்தில் பாபு 90. ஆனால், ராமு கோட்டைத் தொடும்போது சோமு ஓடியது 90 மீட்டர்தானே? சோமு 90 ஓடும் நேரத்தில் பாபு 90-ல் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 81 மீட்டர்தான் ஓடியிருப்பார். 100-ல் 81 போனால் 19. வித்தியாசங்களைக் கூட்டக் கூடாது, விகிதங்களைப் பெருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள சூட்சுமம்.

இதன் தம்பி ஒரு கணக்கு உண்டு. 'சோமுவை 10 மீட்டரில் ஜெயித்த ராமு, அடுத்த பந்தயத்தில் தொடக்கக் கோட்டுக்கு 10 மீட்டர் பின்னால் நின்று ஓடுகிறார். யார் ஜெயிப்பார்?' சமமாகத்தான் முடியும் என்று நினைத்தால் தவறு. ராமு இப்போது ஓட வேண்டியது 110 மீட்டர். அந்த நேரத்தில் சோமு ஓடுவது 99 மீட்டர். இப்போதும் ராமுவே 1 மீட்டரில் ஜெயிப்பார்.

'100 மீட்டர் பந்தயத்தில் ராமு, சோமுவை 20 மீட்டர் அல்லது 4 விநாடியில் வென்றார்' என்று வந்தால் பலர் குழம்புவார்கள். மிச்சமிருந்த 20 மீட்டரை ஓட சோமுவுக்கு 4 விநாடி ஆகிறது என்பதே அதன் பொருள். அப்படியென்றால் சோமுவின் வேகம் விநாடிக்கு 5 மீட்டர். 100 மீட்டருக்கு அவருக்கு 20 விநாடி, ராமுவுக்கு 16 விநாடி.

ஆட்டத்திலும் அதே கதை

தெருவில் விளையாடும்போது பெரிய பையன், சின்னவனிடம் 'உனக்குப் பத்து பாயின்ட் விட்டுத் தர்றேன்' என்பான் இல்லையா? தேர்வில் அது இப்படி வரும்: '100 புள்ளி ஆட்டத்தில் ராமு, சோமுவுக்கு 20 புள்ளியும் பாபுவுக்கு 28 புள்ளியும் விட்டுக்கொடுத்தால் ஆட்டம் சமமாக முடியும். சோமு, பாபுவுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்?'

28-ல் 20 போனால் 8 என்று டிக் அடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். ராமு 100 எடுக்கும்போது சோமு 80, பாபு 72. சோமு 80 எடுக்கும்போது பாபு 72 என்றால், சோமு 100 எடுக்கும்போது பாபு 90. ஆகவே விடை 10.

விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு துரத்தல்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். காலை 8 மணிக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு பஸ் 40 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. 8.15-க்கு அதே இடத்திலிருந்து ஒரு கார் 60 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. கார் எங்கே பஸ்ஸைப் பிடிக்கும்?

கால் மணி நேரத்தில் பஸ் 10 கி.மீ. முன்னே போயிருக்கும். கார் ஒவ்வொரு மணி நேரத்திலும் 20 கி.மீ. இடைவெளியைக் குறைக்கும். எனவே 10 கி.மீ.யைக் குறைக்க அரை மணி நேரம். 8.45-க்கு, திண்டிவனத்திலிருந்து 30-வது கிலோமீட்டரில், விழுப்புரத்துக்கு இன்னும் 10 கி.மீ. இருக்கும்போது பஸ்ஸை எட்டிப்பிடித்துவிடும். பஸ் முன்னால் கிளம்பிய அந்தக் கால் மணி நேரமும் ஒருவகையில் விட்டுக்கொடுத்தல்தான்.

மைதானத்தில் நிஜக் கணக்கு

விட்டுக்கொடுத்தல் என்பது வெறும் பாடப்புத்தக விஷயம் அல்ல. ஆஸ்திரேலியாவின் ஸ்டாவெல் நகரில் 1878 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற ஓட்டப்பந்தயத்தில், ஒவ்வொருவரும் அவரவர் திறமைக்கு ஏற்ப வெவ்வேறு இடத்தில் நின்று ஓடத் தொடங்குவார்கள். குதிரைப் பந்தயத்தில் திறமையான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவார்கள். போட்டி கடைசி வரை போட்டியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

குரூப் டி தேர்வர்களுக்கு இது இன்னும் நெருக்கமானது. கணினித் தேர்வில் தேறியவர்களுக்கு உடல்திறன் தேர்வு உண்டு. 1,000 மீட்டரை ஆண்கள் 4 நிமிடம் 15 விநாடிக்குள்ளும், பெண்கள் 5 நிமிடம் 40 விநாடிக்குள்ளும் ஓட வேண்டும். இது தவிர, ஆண்கள் 35 கிலோவும் பெண்கள் 20 கிலோவும் சுமந்து, கீழே வைக்காமல் 100 மீட்டரை 2 நிமிடத்தில் கடக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வாய்ப்புதான்.

அந்த ஓட்ட நேரங்களை விநாடியாக்கிப் பாருங்கள். 255, 340. இரண்டையும் 85-ஆல் வகுத்தால் 3, 4. ஆண் 1,000 மீட்டர் ஓடும் நேரத்தில் பெண் 750 மீட்டர் ஓடினால் போதும் என்பதே இதன் பொருள். பந்தயக் கணக்கின் மொழியில் சொன்னால், 1,000 மீட்டரில் 250 மீட்டர் விட்டுக்கொடுத்தல்!

பயிற்சிக்கும் இதே கணக்கு உதவும். 400 மீட்டர் மைதானத்தில் 1,000 மீட்டர் என்பது இரண்டரைச் சுற்று. ஆண்கள் ஒரு சுற்றை 1 நிமிடம் 42 விநாடிக்குள்ளும், பெண்கள் 2 நிமிடம் 16 விநாடிக்குள்ளும் முடிக்கப் பழக வேண்டும். முதல் சுற்று முடிந்ததுமே போனில் நேரத்தைப் பாருங்கள். பின்தங்கியிருந்தால், மிச்சமிருக்கும் ஒன்றரைச் சுற்றில் எத்தனை விநாடியை மீட்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.