மகளுக்கேற்ற பாடசாலை எது?



வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் கண்டி வீதியில், ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்த ஊர் புளியங்குளம். நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் பாதை கிழக்கே பிரிவதும் இவ்வூரிலேதான். வயலை நம்பி வாழும் இத்தகைய ஊரொன்றில், ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு சிறுமி உயர்ந்த புள்ளி பெற்றுவிட்டால், அன்றிரவே வீட்டில் ஒரு வினா எழுகின்றது: "பிள்ளையைக் கொழும்பிலே பெயர்பெற்ற பெண்கள் பாடசாலை ஒன்றிற் சேர்த்தால் என்ன?" 1997ஆம் ஆண்டுப் போரின்போது இடம்பெயர்ந்து, தம் படிப்பை இடையிலே இழந்தவர்கள் இப்பகுதியில் உளர். தமக்குக் கிட்டாதது தம் மகளுக்காவது கிட்டவேண்டும் என்று ஒரு தாய் எண்ணுவதைக் குறைகூற எவராலும் இயலாது. ஆயினும், அவ்வெண்ணம் செயலாகுமுன் ஆராயவேண்டியவை சில உள.

கொழும்பிலுள்ள தனியார் பெண்கள் பாடசாலைகள் நெடிய வரலாறு உடையவை. பிஷப்ஸ் கல்லூரி 1875ஆம் ஆண்டிலும், லேடீஸ் கல்லூரி 1900ஆம் ஆண்டிலும் தோன்றின. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே, அரசின் உதவி பெற்றுவந்த பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாறின. சில மட்டும் தனித்து நிற்கத் துணிந்தன. மேற்சொன்ன இரண்டும், யாழ்ப்பாணத்தில் 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரியும், 1896இல் தொடங்கிய சுண்டிக்குளி மகளிர் கல்லூரியும் அவ்வாறு நின்றவையே. அரசாங்கப் பாடசாலைகளில் ஆறாந் தரத்துக்குச் சேர வெட்டுப்புள்ளி வழிகாட்டுகின்றது. தனியார் பாடசாலையிலோ, அனுமதியைத் தீர்மானிப்பது அதன் நிருவாகம். ஆகவே, பரீட்சைப் புள்ளி உயர்ந்திருப்பது ஒன்றே அங்கு கதவைத் திறந்துவிடாது.

முதலாவதாக, பெறுபேறுகளைப் பார்க்கும் முறையைச் சிந்திப்போம். தெரிவு செய்து மாணவியரைச் சேர்க்கும் பாடசாலை, நன்றாகப் படிப்பவர்களையே பெரும்பாலும் வாசலில் வரவேற்கின்றது. பத்தாண்டுகளின் பின் அவர்கள் சிறந்த பெறுபேறு பெறுவதில், பாடசாலையின் பங்கு எவ்வளவு, தெரிவின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. எனவே, எத்தனை பேர் உயர்ந்த சித்தி பெற்றனர் என்று கேட்பதோடு நில்லாது, பின்தங்கிய மாணவிக்கு அங்கே என்ன செய்யப்படுகின்றது என்றும் கேளுங்கள். இவ்வினாவுக்கு அதிபர் தரும் விடையே பாடசாலையின் இயல்பைக் காட்டும்.

இரண்டாவது, மொழிமூலம். தமிழ்மொழிமூல வகுப்பு எத்தரம் வரை நடைபெறுகின்றது? உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் கணிதப் பிரிவும் தமிழில் உண்டா? இவற்றைத் தெளிவாக அறிந்துகொள்ளாமல் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, பதினாறாம் வயதில் மொழியை மாற்றச் சொல்வது கொடுமை.

மூன்றாவது, பலரும் கவனியாத ஒன்று. பல்கலைக்கழக அனுமதியில், பெரும்பாலான துறைகளுக்குரிய இடங்களுள் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றும் இப்பின்தங்கிய மாவட்டங்களுட் சேர்ந்தவை; கொழும்பு அவற்றுட் சேராது. மாணவியின் மாவட்டம் அவள் பிறந்த ஊரைக்கொண்டு கணிக்கப்படுவதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகளில் அவள் பயின்ற பாடசாலையைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. புளியங்குளத்துச் சிறுமி கொழும்பிலிருந்து பரீட்சை எழுதினால், கொழும்புப் பிள்ளைகளோடு கொழும்பின் இடங்களுக்கே போட்டியிடவேண்டும். வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர விரும்பும் பிள்ளைக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

நான்காவதாக, நான் மிக முக்கியமெனக் கருதுவதைக் கூறுகின்றேன். பகற்பாடசாலை என்பது, மாலையிற் பிள்ளை வீடு திரும்பும் என்ற நம்பிக்கையின்மேல் அமைந்தது. காலை உணவும், மாலையில் "இன்று என்ன படித்தாய்?" என்ற விசாரிப்பும், காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் கையும் வீட்டின் பொறுப்பென்று அப்பாடசாலை விட்டுவிடுகின்றது. வீடு இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கும்போது அப்பொறுப்பை ஏற்பவர் யார்? மாமி வீடா, வாடகை அறையா, விடுதியா? ஆகவே, பாடசாலையைத் தேர்ந்து பின்னர் தங்குமிடம் தேடுவது தலைகீழான முறை. பிள்ளை அச்சமின்றி உறங்கும் இடத்தை முதலில் உறுதிசெய்யுங்கள். அதன் பின்னரே பாடசாலையைத் தேடுங்கள். கட்டணத்தைக் கணக்கிடும்போதும், பாடசாலைக்குச் செலுத்துவதோடு தங்குமிடச் செலவையும் விடுமுறைப் பயணச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அருகிலிருப்பதையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். வவுனியா நகரில் இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயம் இருக்கின்றது. அங்கே பயிலும் பிள்ளையின் மாவட்டமும் மாறாது. உள்ளூர்ப் பாடசாலையிலேயே தொடர்ந்து படித்து முன்னேறும் வழியும் மூடப்பட்டதன்று.

கொழும்புக்கு அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அன்புள்ள உறவினர் வீடும், தமிழில் உயர்தரம் வரை தொடரும் வகுப்பும், செலவைத் தாங்கும் வசதியும் அமைந்தால் அது நல்வாய்ப்பே. ஆனால், இத்தனையையும் சீர்தூக்கிப் பார்த்தபின் இன்னொருவரின் கருத்தையும் கேட்க மறவாதீர்கள். பத்து வயதுச் சிறுமிக்கும் சொல்லுவதற்கு ஒன்று இருக்கும். போகப்போகிறவள் அவள்தானே!