மீன்குஞ்சும் நுரைப்பஞ்சும்



வடிகட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது தேநீர் வடிக்கும் கம்பிவலையோ, பால் வடிக்கும் வெள்ளைத் துணியோ ஆகும். கசடைத் தடுத்து நிறுத்தித் தெளிந்ததை மட்டும் வெளியே விடுவது அதன் தொழில். வண்ணமீன் தொட்டியில் வைக்கும் வடிகட்டியும் இதைத்தான் செய்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பாதியே உண்மை. மறுபாதியை அறியாமையால், முட்டையிலிருந்து வெளிவந்த சில நாட்களிலேயே எண்ணற்ற மீன்குஞ்சுகள் மாண்டு போகின்றன. ஆகவே, குஞ்சு பொரிக்கும் தொட்டிக்கு எவ்வகை வடிகட்டி ஏற்றது, அஃது ஏன் ஏற்றது என்பதை இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

இதை வெறும் பொழுதுபோக்குச் செய்தியாகக் கருதிவிடாதீர்கள். சென்னைக் கொளத்தூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வண்ணமீன் வளர்ப்பு பல குடும்பங்களுக்குப் பிழைப்பாக இருந்து வருகிறது. ஒரு தொட்டிக் குஞ்சுகள் மடிந்தால் அங்கே ஒரு வீட்டின் வருவாய் மடிகிறது. அன்றியும், நாம் பள்ளியில் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் ஒன்றாகக் கைகோத்து நிற்பதை இச்சிறு தொட்டியில் காணலாம்.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், வீட்டில் மீன் வளர்த்த மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, “ஐயா, என் தொட்டி நீர் பளிங்கு போல இருக்கிறது. அப்படியிருந்தும் நேற்று வரை நீந்திய குஞ்சுகள் எல்லாம் ஏன் செத்துப் போயின?” என்று கேட்டான். நல்ல கேள்வி. தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதே அதற்கு விடை.

மீன் உண்ட உணவிலுள்ள புரதம் உடலில் செரித்துப் பயன்பட்டபின், எஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாக மாறுகிறது. அதன் பெரும்பகுதியை மீன் தன் செவுள்களின் வழியாகவே நீரில் விடுகிறது. தின்னாமல் விட்ட இரை அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, ஆகையால் நீர் கலங்குவதில்லை. நீரில் இஃது இரண்டு நிலைகளில் இருக்கும். ஒன்று கரைந்த அம்மோனியா. மற்றொன்று அம்மோனியம் என்னும் அயனி. முன்னதே செவுளின் வழியே எளிதில் உட்புகும் கொடிய நஞ்சு. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், நீரின் பி.எச். அளவு 7 ஆனால், மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நஞ்சு நிலையில் இருக்கும். பி.எச். 8 ஆனாலோ ஏறத்தாழ ஐந்து பங்கு அந்நிலையை அடையும். காரத்தன்மை மிகுந்த கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இதனை நன்கு நினைவிற் கொள்ள வேண்டும். குளத்தில் இந்நஞ்சு பரந்த நீரில் கலந்து நீர்த்துப் போகும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே அஃது எங்கே போகும்?

இயற்கை இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறது. 1877ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்களான ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயின் வழியே கழிவுநீரை மெல்ல வடியவிட்டனர். சில நாட்களுக்குப் பின் வெளிவந்த நீரில் அம்மோனியா மறைந்து நைட்ரேட்டு தோன்றியது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுவிட்டது. எனவே, அது வெறும் வேதியியல் வினையன்று, உயிர்களின் செயல் என்பது புலனாயிற்று. அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டியவர் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி, ஆண்டு 1890. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டு ஆக்குகிறது. நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டு ஆக்குகிறது. இதன் தீமை மிகவும் குறைவு. மீன் தொட்டிகளில் இவ்விரண்டாம் வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்னும் இனம் என்று 1998இல் அறியப்பட்டது. அவ்வினத்துள் சில, இரண்டு வேலைகளையும் தாமே செய்து முடிக்க வல்லன என்பது 2015இல் வெளியாயிற்று.

ஆகவே, மீன் தொட்டியின் உண்மையான வடிகட்டி துணியுமன்று, பஞ்சுமன்று. அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டமே. நாம் கடையில் வாங்குவது அக்கூட்டத்திற்கு ஒரு வீடு மட்டுமே.

இனி, சிக்கலுக்கு வருவோம். நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களுள் சில, ஏற்ற சூழலில் 20 நிமிடங்களில் இருமடங்காகப் பெருகும். தொட்டியைக் காக்கும் இவையோ இருமடங்காவதற்குப் பல மணி நேரம், சிலபோது ஒரு நாளுக்கும் மேல் எடுத்துக்கொள்கின்றன. ஆகையால், புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆனால் ஜீப்ரா மீனின் முட்டையும் ஏஞ்சல் மீனின் முட்டையும் இரண்டு மூன்று நாட்களில் பொரிந்து விடுகின்றன. குஞ்சு வந்துவிட்டது, அதைக் காக்க வேண்டிய காவலன் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது! விரைவில் வளர வேண்டுமென்று நாம் நாள்தோறும் பலமுறை இரையிடுகிறோம், நஞ்சும் பெருகுகிறது. அம்மாணவன் கண்ட சாவின் காரணம் இதுவே.

இச்சிக்கலை எளிதில் தீர்ப்பதுதான் நுரைப்பஞ்சு வடிகட்டி. கடைகளில் இதனை ஸ்பாஞ்சு பில்டர் என்பர். துளை நிறைந்த ஒரு பஞ்சுருளை. அதன் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய். அதனுள் காற்றுப் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழல். இவ்வளவே அதன் உறுப்புகள். குழாயின் அடியில் காற்றுக் குமிழிகள் புகுந்தவுடன், உள்ளிருக்கும் நீர் காற்றோடு கலந்து எடை குறைகிறது. வெளியிலுள்ள நீர் எடை மிகுந்தது. ஆதலால் அது பஞ்சின் துளைகள் வழியே உள்ளே தள்ளிக்கொண்டு வர, உள்நீர் மேலெழுந்து வழிகிறது. நீர் ஓடுவதற்கு இதில் சுழலும் சக்கரம் எதுவும் இல்லை.

இதனால் விளையும் நன்மைகளை எண்ணிப் பாருங்கள். முதலாவது, இழுப்பு மென்மையானது. அது பஞ்சின் மேற்பரப்பு முழுவதும் பரவிவிடுகிறது. விசையுள்ள மோட்டார் வடிகட்டியின் வாயில், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சு எளிதில் அகப்பட்டு உள்ளே போய்விடும். பஞ்சின் அருகே அதற்கு அத்தகைய அச்சம் இல்லை. இரண்டாவது, நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு தடையின்றிக் கிடைக்கிறது. அம்மோனியாவிலுள்ள 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டு ஆக்க ஏறத்தாழ 4½ கிராம் பிராணவாயு செலவாகிறது என்றால் இதன் அருமை விளங்கும். மூன்றாவது, பஞ்சின் மேல் படியும் நுண்ணிய உயிர்களைக் குஞ்சுகள் கொத்தித் தின்னும்.

நான்காவது நன்மையே தலையாயது. பஞ்சை எடுத்துச் செல்லலாம். பல மாதங்களாக மீன் வாழும் பழைய தொட்டியில் ஓர் உபரிப் பஞ்சு வடிகட்டியை முன்கூட்டியே ஓடவிட்டு வையுங்கள். ஆறு வாரங்களில் அதில் நுண்ணுயிர்கள் நிறைந்துவிடும். முட்டை பொரிந்து, குஞ்சுகள் நீந்தி இரை தேடத் தொடங்கும் வேளையில் அதனை ஈரம் உலராமல் எடுத்துக் குஞ்சுத் தொட்டியில் வைத்தால், அன்றே காவலன் வந்து சேர்ந்து விடுகிறான். மணலுக்கு அடியில் அமைக்கும் வடிகட்டியை இவ்வாறு பெயர்த்துச் செல்ல இயலாது. மேலும், அதில் இரைக் கசடு மணலுக்குள் தங்கி அழுகும். குஞ்சுத் தொட்டியின் தரையோ நாள்தோறும் துடைக்கத்தக்கதாக வெறுமையாக இருத்தல் வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உள. ஓர் அங்குல நீளத்தில் 20 முதல் 30 துளைகள் வரை உள்ள பஞ்சு பொதுவாக ஏற்றது. துளை மிக நுண்ணியதாயின் விரைவில் அடைத்துக் கொள்ளும். மெத்தைப் பஞ்சையோ பாத்திரம் தேய்க்கும் பஞ்சையோ வெட்டி வைக்கக் கூடாது. அவற்றுள் நீர் புகாத அறைகளோ, உயிர்களுக்கு ஒவ்வாத மருந்துகளோ இருக்கக்கூடும். காற்றுப் பம்பைத் தொட்டி நீர்மட்டத்திற்கு மேலே வையுங்கள். இல்லையேல், மின்சாரம் நின்றவுடன் நீர் குழல் வழியே பம்புக்குள் இறங்கிவிடும்.

தூய்மை செய்வதிலும் ஒரு நெறி உண்டு. குழாயடியில் வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினால் பஞ்சு வெளுக்கும். அதில் குடியிருந்த உயிர்கள் அழியும். குடிநீரில் கலக்கும் குளோரின் கிருமிகளைக் கொல்வதற்கென்றே சேர்க்கப்படுவது. அது நல்லுயிர், தீயுயிர் என்று பிரித்தறியாது. ஆகவே, தொட்டியிலிருந்து முகந்த நீரை வாளியில் ஊற்றி, அதில் பஞ்சை மெல்லப் பிழிந்தெடுத்தால் போதும். இரண்டு பஞ்சுகள் இருப்பின் ஒருமுறை ஒன்றை மட்டும் பிழிக. நோயுற்ற தொட்டியின் பஞ்சை வேறு தொட்டிக்கு எடுத்துச் செல்லற்க. அதனோடு நோயும் குடியேறும்.

இவ்வடிகட்டியால் ஆகாதவையும் உண்டு. நைட்ரேட்டு நீரிலேயே தங்குவதால், அடிக்கடி ஒரு பகுதி நீரை மாற்றியே ஆகவேண்டும். பெருந்தீனி தின்னும் பெரிய மீன்களுக்கு இது மட்டும் போதாது. எந்த வடிகட்டியும் அளவுக்கு மீறி இரையிடும் கையைத் தடுக்காது.

மாணவர்களே, மீன் வளர்க்க விரும்பினால் முதலில் மீனை வாங்காதீர்கள். கண்ணுக்குப் புலப்படாத அந்நுண்ணுயிர்களை வளர்க்கத் தொடங்குங்கள். அவற்றிற்குக் காற்றும் இரையும் காலமும் கொடுங்கள். பொறுத்திருந்து தொட்டியைப் பக்குவப்படுத்தியவனுடைய குஞ்சுகளே பெரும்பாலும் பிழைத்து வளரும். நிலத்தைப் பண்படுத்திய பின்னரே விதைக்க வேண்டும் என்பதை நம் உழவர் நெடுங்காலமாக அறிவர். நீருக்கும் அதுவே விதி.