கதைக்குள் கதை எழுதிய போலந்து இன்ஜினியர்

ஒரு நாவலைப் பாதி படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் ஒருவர் கதை சொல்கிறார். அந்தக் கதைக்குள் வரும் ஆள் இன்னொரு கதையைத் தொடங்குகிறார். அதற்குள் வருபவர் மூன்றாவதாக ஒன்றை ஆரம்பிக்கிறார். யார் யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பதே மறந்துபோய், 'பத்து பக்கம் பின்னாடி போய்ப் பார்க்கலாமா?' என்று நீங்க யோசிக்கிற நேரத்தில், நாவலுக்குள் இருக்கும் ஒரு கேரக்டரே எழுந்து புகார் கொடுக்கிறார். எவ்வளவு கவனமா கேட்டாலும் எனக்கு ஒண்ணும் பிடிபடலை, இந்த மாதிரி கதைகளை வரலாற்றுக் கால அட்டவணை மாதிரி பத்தி பத்தியாகப் பிரித்து எழுதணும் என்று யோசனையும் சொல்கிறார். அவர் ஒரு ஜியோமெட்ரி நிபுணர். பெயர் வெலாஸ்கெஸ்.

அந்த நாவலின் பெயர் 'சரகோஸாவில் கிடைத்த கையெழுத்துப் பிரதி'. எழுதியவர் யான் பொட்டோட்ஸ்கி. (பழைய தமிழில் 'யான்' என்றால் நான். போலந்தில் அது சாதாரணமான ஒரு ஆண் பெயர். அவ்வளவுதான்.) வெலாஸ்கெஸ் கேட்ட அந்தக் கால அட்டவணை வேலையைத்தான் பொட்டோட்ஸ்கி நிஜ வாழ்க்கையில் பல வருஷம் செய்துகொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு இந்த மனுஷன் மேல் ஆர்வம் வரக் காரணம்.

1761-ல் பொடோலியா என்ற பகுதியில் பிறந்தார். இன்றைக்கு அது உக்ரைனில் இருக்கிறது, அன்றைக்கு போலந்து அரசில் இருந்தது. பொட்டோட்ஸ்கி குடும்பம் என்றால் சாதாரணம் இல்லை. நிலம், அரண்மனை, அரசியல் செல்வாக்கு எல்லாம் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தவர்கள். பையனைப் படிக்க சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள், ஜெனீவாவும் லோசானும். அதனால் அவருடைய முக்கியமான புத்தகங்கள் எல்லாமே பிரெஞ்சில்தான். போலந்து இலக்கியத்தின் பெருமைகளில் ஒருவர் போலிஷில் எழுதவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடப்போகிறது.

தலைப்பில் இன்ஜினியர் என்று போட்டது சும்மா லைக்குக்காக இல்லை. போலந்து ராணுவத்தில் இன்ஜினியர் பிரிவு கேப்டனாக இரண்டு முறை இருந்திருக்கிறார். அதற்கும் முன்னால், இளவயதில், மால்டா வீரர்களோடு கப்பலேறி வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர்களை எதிர்த்துப் போயிருக்கிறார். 1784-ல் துருக்கி, எகிப்து. அங்கிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் 1788-ல் வார்சாவில் புத்தகமாக வந்தன. 1791-ல் மொராக்கோ. 1797-98-ல் அஸ்திரகான் வழியாக காகசஸ் மலைப்பகுதி. பாஸ்போர்ட்டில் ஸ்டாம்ப் சேர்க்கிற டூரிஸ்ட் இல்லை இவர். போகிற இடமெல்லாம் அந்த ஊர் ஜனங்கள் என்ன மொழி பேசுறாங்க, எங்கிருந்து வந்தாங்க, என்ன கதை சொல்றாங்க என்று கேட்டுக்கொண்டே திரிந்தவர்.

1790 மே மாதம் பிளான்ஷார் என்ற பிரெஞ்சு பலூன்காரரோடு வார்சா நகரத்துக்கு மேலே பறந்தார். கூடவே தன்னுடைய துருக்கிய வேலைக்காரரையும் நாய்க்குட்டியையும் ஏற்றிக்கொண்டார். மனிதன் பலூனில் பறக்க ஆரம்பித்தே ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. நாய் என்ன நினைத்ததோ!

பலூன் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1788-ல் அவர் வார்சாவில் தொடங்கிய அச்சகம். 'சுதந்திர அச்சகம்' என்றே பெயர் வைத்தார். கூடவே யார் வேண்டுமானாலும் வந்து இலவசமாகப் படிக்க ஒரு வாசிப்பறையும் திறந்தார். அப்போது போலந்து உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. 1772-லேயே ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து அந்த நாட்டில் ஆளுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்திருந்தன. மிச்சத்தைக் காப்பாற்ற, சீர்திருத்தம் பேச ஒரு நாடாளுமன்றம் 1788 முதல் நான்கு வருஷம் கூடியது. பொட்டோட்ஸ்கியும் அதில் உறுப்பினர். ஆனால் ஒன்றும் பலிக்கவில்லை. 1793-ல் இன்னொரு வெட்டு. 1795-ல் கடைசி வெட்டு. உலக மேப்பிலிருந்தே போலந்து காணாமல் போனது. அவருடைய நிலமெல்லாம் இப்போது ரஷ்யாவில். மனுஷன் வீடு மாறவே இல்லை, நாடு மாறிவிட்டது.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் அவருடைய ஆராய்ச்சி புரியும். நாடு துண்டு துண்டாகப் போன அதே வருஷங்களில் அவர் ஸ்லாவ் மக்கள் ஆதியில் எங்கிருந்து வந்தார்கள், ஹெரோடோட்டஸ் சொல்லும் சித்தியர்கள் யார், சர்மாத்தியர்கள் யார் என்று தேடிக்கொண்டிருந்தார். 1794-ல் ஜெர்மனியின் வடபகுதியில் பழைய ஸ்லாவ் தடயங்களைத் தேடியே ஒரு பயணம் போனார். அதிலிருந்து அடுத்த படி, காலவரிசை. அதாவது எகிப்து மன்னர் பட்டியல், கிரேக்கர்கள் சொன்னது, பைபிளில் இருப்பது என்று எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் வைத்து, கி.மு. 776-ல் ஒலிம்பிக் ஆண்டுக் கணக்கு தொடங்குவதற்கு முந்தைய காலத்துக்கு ஒரே நம்பகமான டைம்லைன் போடுவது. சின்ன வேலையா? டேட்டா பாதி இல்லை, இருக்கிற பாதியும் ஒன்றோடு ஒன்று முட்டுகிறது. எகிப்திய சித்திர எழுத்தை அப்போது யாருக்கும் படிக்கவே தெரியாது. ஷாம்போலியோன் அதை உடைத்தது 1822-ல். பொட்டோட்ஸ்கி இறந்து ஏழு வருஷம் கழித்து. பாஸ்வேர்டு தெரியாத ஃபைலை வெளியிலிருந்தே ஊகித்துக்கொண்டிருந்த மாதிரிதான் அது.

1805-ல் அவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. ரஷ்யப் பேரரசர் சீனாவுக்கு ஒரு தூதுக்குழு அனுப்பினார். தலைவர் கோலோவ்கின் பிரபு, அறிவியல் குழுவின் பொறுப்பு பொட்டோட்ஸ்கிக்கு. சைபீரியா முழுக்கக் கடந்து எல்லைக்குப் போனால், எத்தனை பேரை உள்ளே விடுவது என்று நீண்ட பேரம். கடைசியில் 1806 ஜனவரியில் உர்கா வரை போய்ச் சேர்ந்தார்கள், இன்றைய மங்கோலியத் தலைநகர் உலான்பாதர். அங்கே விருந்துக்கு முன்னால், பேரரசர் அங்கு இருப்பதாகப் பாவித்து மண்டியிட்டுத் தலை தரையில் பட வணங்கணும் என்றார்கள் சீன அதிகாரிகள். கோலோவ்கின் முடியாது என்றார். திரும்பிப் போங்க என்றார்கள். பீக்கிங்கைக் கண்ணால் கூடப் பார்க்காமல் அந்தக் குளிரில் அத்தனை தூரமும் திரும்பி வந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த கிளாப்ரோத் என்ற இளம் அறிஞர் பின்னாளில் மஞ்சள் கடல் பக்கத்துத் தீவுக்கூட்டம் ஒன்றுக்குப் பொட்டோட்ஸ்கி பெயரை வைத்தார். அவரே பொட்டோட்ஸ்கியின் காகசஸ் பயணக் குறிப்பை 1829-ல் பதிப்பித்தும் கொடுத்தார். நல்ல ஜூனியர்.

இத்தனைக்கும் நடுவில், ஆராய்ச்சிக்கு இடையே எழுதிக்கொண்டே வந்ததுதான் அந்த நாவல்.

கதை 1739-ல் நடக்கிறது. அல்ஃபோன்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி ஸ்பெயினின் சியரா மொரேனா மலை வழியாக மாட்ரிட் போகிறான். ஆள் இல்லாத ஒரு சத்திரத்தில் இரவு தங்குகிறான். இரண்டு அழகான பெண்கள் வருகிறார்கள், நாங்கள் உனக்கு உறவு என்கிறார்கள். ராஜ உபசாரம். காலையில் கண் விழித்தால் தூக்கு மரத்தடியில், இரண்டு பிணங்களுக்கு நடுவே கிடக்கிறான்! இது ஒரு முறை நடந்தால் பேய்க் கதை. இன்னொருத்தனுக்கும் இதேதான் நடந்திருக்கிறது, அவனும் தன் கதையைச் சொல்கிறான். அப்புறம் கொள்ளைக்காரன், ரகசிய வித்தை படிக்கும் பண்டிதர், ஜிப்ஸி தலைவர் என்று ஆளாளுக்கு ஒரு கதை. நாள் 1, நாள் 2 என்று அத்தியாயங்கள். ஒவ்வொரு நாளும் கதை முக்கியமான இடத்தில் நிற்கும், மறுநாள் தொடரும்.

ரிகர்ஷன் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு ஃபங்ஷன் முடிவதற்குள் இன்னொன்றைக் கூப்பிடுகிறது, அது இன்னொன்றை. ஸ்டாக் ஏறிக்கொண்டே போகிறது. சில இடங்களில் ஐந்து அடுக்கு வரை போகும். விக்கிரமாதித்தன் கதையில் பதுமையும் வேதாளமும் சொல்லும் கதைகளில் வளர்ந்த நமக்கு இது புதுசு இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. இங்கே உள்கதையில் வந்த ஒரு ஆள், வேறொருவர் சொல்லும் கதையில் வேறு கோணத்தில் திரும்ப வருவார். முதலில் பேய் என்று நினைத்தது இரண்டாம் முறை கேட்கும்போது வெறும் காதல் விவகாரமாக இருக்கும். ஸ்பாய்லர் சொல்ல மாட்டேன்.

வெலாஸ்கெஸுக்கு வருவோம். அவருடைய அப்பா கோட்டை கட்டும் கலையில் பெரிய கணித மேதை. ஒரே ஒரு கவனப்பிசகால் பதவியும் காதலியும் கைவிட்டுப் போகிறது. மனசு வெறுத்த அப்பா ஒரு முடிவெடுக்கிறார்: என் பையன் கணக்கே படிக்கக் கூடாது, அவன் டான்ஸ் கற்றுக்கொள்ளணும்! டான்ஸ் மாஸ்டரையே வீட்டுக்கு வரவைக்கிறார். பையனுக்கோ கால் நகரவே மாட்டேன் என்கிறது, ஒளிந்து ஒளிந்து தானே ஜியோமெட்ரியைக் கண்டுபிடிக்கிறான். டான்ஸ் கிளாஸுக்குப் போறேன் என்று சொல்லி அரியர் பற்றி லெக்சர் வாங்கியவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்கணும். வளர்ந்த பிறகு அதே வெலாஸ்கெஸ் காதலுக்கு பிளஸ், வெறுப்புக்கு மைனஸ், அலட்சியத்துக்கு பூஜ்யம் போட்டு ஒரு பெண்ணிடமே விளக்கம் கொடுக்கிறார். எழுதியவர் சிரிக்கிறார்தான், ஆனால் கேலி பண்ணவில்லை. தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது.

இன்னொரு பாத்திரம் இந்தளவு சிரிப்பு இல்லை. டியேகோ எர்வாஸ் என்ற அறிஞர். மனித அறிவு முழுவதையும் 100 தொகுதிகளில் எழுதி முடிக்கிறார். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் அத்தனையையும் எலி தின்றிருக்கிறது. மறுபடி உட்கார்ந்து வருஷக்கணக்கில் எழுதிச் சரிசெய்கிறார். பதிப்பாளரிடம் கொண்டுபோனால், நல்லா இருக்கு, 25 தொகுதியாகச் சுருக்கிக் கொடுங்க, போடுறேன் என்கிறார். எர்வாஸ் உடைந்துபோகிறார். தன் முடிவைத் தானே தேடிக்கொள்கிறார். காலத்தையே அட்டவணையில் அடைக்கப் பார்த்த ஒருவர் இந்தப் பக்கங்களை எழுதினார் என்று நினைத்தால் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பொட்டோட்ஸ்கியின் கடைசி வருஷங்களும் நல்லதாக இல்லை. முதல் மனைவி 1794-லேயே இறந்துவிட்டார். இரண்டாம் திருமணம் விவாகரத்தில் முடிந்தது. பொடோலியாவில் உலாடோவ்கா என்ற தோட்ட வீட்டில் உடம்பு வலியோடும் மனச்சோர்வோடும் காலவரிசைப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். 1815 டிசம்பரில், 54 வயதில், தற்கொலை செய்துகொண்டார். இவரைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு வெள்ளித் தோட்டா கதை முதலில் வரும். சர்க்கரைக் கிண்ண மூடியில் செய்தது என்று ஒருவர், டீ பாத்திரத்தில் செய்தது என்று இன்னொருவர். ஓநாய் மனிதன் பயம் என்று மசாலாவும் உண்டு. கதை சொல்லியின் சாவு என்பதால் ஆளாளுக்கு ஒரு அடுக்கு ஏற்றிவிட்டார்கள். நோயோடு தனியாக இருந்த ஒரு மனுஷன் என்பதை மட்டும் அந்த எல்லா அடுக்கும் மறைத்துவிடுகிறது. எர்வாஸை வைத்து, பாருங்க முன்னாடியே எழுதிட்டார் என்று சொல்வதும் அதே ரகம்தான்.

சரி, நாவல் என்ன ஆனது? இதுதான் நம்பவே முடியாத பகுதி. முன்னுரையில் ஒரு விஷயம் வரும்: சரகோஸா முற்றுகையில் ஒரு பிரெஞ்சு அதிகாரிக்குக் கைவிடப்பட்ட வீட்டில் ஸ்பானிஷ் கையெழுத்துப் பிரதி கிடைக்கிறது, ஸ்பானியர்களிடம் கைதியான பிறகு ஒரு கேப்டன் அதை அவருக்கு பிரெஞ்சில் மொழிபெயர்த்துச் சொல்கிறார், நாம் படிப்பது அதைத்தான். கற்பனைதான். ஆனால் நிஜத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே.

பொட்டோட்ஸ்கி உயிரோடு இருந்தபோது துண்டு துண்டாகத்தான் வெளிவந்தது. 1805 வாக்கில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கொஞ்சம், 1813-லும் 1814-லும் பாரிஸில் கொஞ்சம். 1841-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் அதில் ஒரு பகுதியை எடுத்து, வேறொருவரின் நினைவுக் குறிப்பு என்று சொல்லிப் பாரிஸ் நாளிதழில் தொடராகவே போட்டார். காப்பி என்று போட்டி நாளிதழ் போட்டுடைக்க, விவகாரம் கோர்ட் வரை போனது. 1847-ல் எட்மண்ட் ஹோயெட்ஸ்கி முழு நாவலையும் பிரெஞ்சுப் பிரதியிலிருந்து போலிஷில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அவர் பயன்படுத்திய பிரதி அதற்கப்புறம் காணாமல் போனது. சோர்ஸ் கோட் தொலைந்துவிட்டது, கம்பைல் பண்ணினது மட்டும் கையில் இருக்கு என்ற நிலைமை. 1965-ல் வோய்ச்சே ஹாஸ் எடுத்த மூன்று மணி நேரப் படமும் இந்த போலிஷ் வடிவத்தை வைத்துத்தான்.

1989-ல் ரெனே ரத்ரிசானி கிடைத்த பிரெஞ்சுத் துண்டுகளை எல்லாம் சேர்த்து, கிடைக்காத இடங்களைப் போலிஷிலிருந்து திரும்ப பிரெஞ்சாக்கி ஒரு முழுப் பதிப்பு கொண்டுவந்தார். பிரெஞ்சில் எழுதினவரை பிரெஞ்சுக்கே மொழிபெயர்க்க வேண்டியதாகிவிட்டது. பிறகு 2000-களின் தொடக்கத்தில் ரோஸே, திரியேர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் போலந்தின் பொஸ்னான் ஆவணக் காப்பகத்தில் பொட்டோட்ஸ்கியின் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தார்கள். பார்த்தால், இருப்பது ஒரு நாவலே இல்லை, இரண்டு. 1804-ல் பாதியில் விட்ட ஒரு வெர்ஷன், 45 நாள் வரை. 1810-ல் ஆரம்பத்திலிருந்து திருத்தி முடித்த இன்னொன்று, 61 நாள். இரண்டாவதில், சாவே இல்லாமல் அலைந்து திரியும் யூதர் சொல்லும் நீண்ட கதையை அவரே எடுத்துவிட்டிருக்கிறார். ஹோயெட்ஸ்கி இந்த இரண்டு பிராஞ்ச்சையும் தன் இஷ்டத்துக்கு மெர்ஜ் பண்ணி 66 நாளாக்கியிருக்கிறார். 150 வருஷத்துக்கு மேல் உலகம் படித்தது ஆசிரியர் எழுதாத ஒரு வடிவத்தை. 2006-ல்தான் இரண்டும் தனித்தனியாக அச்சில் வந்தன.

ஆங்கிலத்தில் இயன் மக்லீன் மொழிபெயர்த்து 1995-ல் வந்த பதிப்பு நன்றாகப் படிக்க வரும், ஆனால் அது ரத்ரிசானியின் அந்தக் கலவை வடிவம். அதில் அலைந்து திரியும் யூதரும் இருப்பார், 66 நாளும் இருக்கும். நான் அதைத்தான் படித்தேன். படிக்கப் போறவங்க பக்கத்தில் ஒரு ரஃப் நோட்டு வைத்து, யார் யாருக்குக் கதை சொல்றாங்க என்று கோடு போட்டுக்கொண்டே போங்க. முப்பதாவது நாள் தாண்டும்போது வெலாஸ்கெஸ் கேட்ட அட்டவணையை நீங்களே போட்டுக்கொண்டிருப்பீங்க.